ரப்பர் கோட்டிங் பிசுபிசுப்புக்கு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) 99% – வாங்கலாமா வேணாமா?

பத்து வருஷம் தாண்டுன ஐரோப்பிய கார் வெச்சிருக்கவங்களுக்கு இத விளக்கவே தேவையில்ல. பவர் விண்டோ சுவிட்ச்ச தொட்டா விரல் ஒட்டும், டோர் கைப்பிடில நகம் பட்ட எடமெல்லாம் பேந்து போயிருக்கும், சென்டர் கன்சோல்ல போன வெச்சு எடுத்தா பின்னாடி கருப்பா அப்பிக்கும், வெள்ள சட்டை போட்டுட்டு உக்காந்தா முழங்கைய பாக்கவே வேணாம். என்னோடது செகண்ட்ஸ்ல வாங்குன 2011 மாடல் செடான், கம்பெனி பேரு வேணாம், ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சினையும் இல்ல, 1999ல வந்த பெராரி 360ல கூட பட்டன் எல்லாம் இதே மாதிரி ஒட்டும், கோடீஸ்வரனுக்கும் அதே கதிதான்னு நெனச்சு மனச தேத்திக்கலாம்.

வாட்டர் வாஷ் கடைக்காரங்க இத அழுக்குன்னு நெனச்சு ஷாம்பு போட்டு தேப்பாங்க, அப்புறம் மேல பாலிஷ் அடிச்சு குடுப்பாங்க, ரெண்டு நாள்ல பழையபடி. இது அழுக்கே இல்லங்க. தொட்டா ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கணும்னு பிளாஸ்டிக் மேல பாலியூரித்தேன் பெயின்ட் ஒண்ணு அடிச்சிருப்பாங்க, வெயில்லயும் ஈரக்காத்துலயும் வருஷக்கணக்கா கெடந்து அந்த பெயின்ட்டே உடைஞ்சு கூழாகுது. சென்னை மாதிரி ஊர்ல ரெண்டும் சேந்தே இருக்கு, கூட நம்ம கை வேர்வை, க்ரீம், சானிடைசர் வேற. அதனால இத க்ளீன் பண்றதுன்னு ஒண்ணு கெடையாது, மொத்தமா உரிச்சு எடுத்தாத்தான் தீரும். பவுடர் போட்டா சரியாயிடும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பவுடரும் சேந்து சாம்பல் கலர்ல அப்பிக்கும்.

இதுக்குத்தான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99% வாங்குனேன். ஆன்லைன்ல லிட்டர் 300ல இருந்து 500 ரூபாய்க்குள்ள கெடைக்குது, பிராண்டுக்காக கூட காசு குடுக்க வேண்டியதில்ல, 99னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. 70% கூட வேலை செய்யும், ஆனா அதுல தண்ணி இருக்கறதால ரொம்ப மெதுவா எடுக்கும். ஜெல் சானிடைசர்ல கிளிசரின் இருக்கும், அது வேற தனியா பிசுபிசுக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீங்க, டிரிம் (காருக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பாகம்) எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக், அதுங்கள்ல இருக்கற அசிட்டோன் மாதிரி கரைப்பான் பட்டா கோட்டிங்கோட சேந்து பிளாஸ்டிக்கும் கரையும். மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 ஸ்ப்ரே எல்லாம் கொஞ்சம் எளக்கும், ஆனா எண்ணெய்ப்பசைய தொடைக்கறதே தனி வேலையாயிடும்.

சும்மா துணில நனைச்சு தேச்சா ஆல்கஹால் பாதி காத்துல போயிடும், கைதான் வலிக்கும். டிஷ்யூவ நல்லா நனைச்சு டிரிம் மேல ஒட்டி, அதுக்கு மேல பாலிதீன் கவர் ஒண்ண மூடி அஞ்சு நிமிஷம் விடுங்க. எடுத்துட்டு துணியால அழுத்தி ஒரே பக்கமா இழுத்தா கோட்டிங் தார் மாதிரி கருப்பா திரண்டு வரும், அத பாக்கறப்ப ஒரு சந்தோஷம் பாருங்க, சொன்னா புரியாது. துணிக்கு மைக்ரோஃபைபர வீணாக்காதீங்க, ஹார்டுவேர் கடைல கிலோ கணக்குல விக்கிற பனியன் வேஸ்ட் போதும், வெள்ளையா இருந்தா எவ்வளவு வருதுன்னும் தெரியும். துணிய மாத்திக்கிட்டே இருக்கணும், அழுக்கு துணியாலயே தேச்சா எடுத்ததையே திரும்ப பூசிட்டு இருப்பீங்க. ஏசி வென்ட் இடுக்குக்கு பழைய டூத்பிரஷ், ஓரத்துக்கு பழைய ஏடிஎம் கார்டு. டிரிம்ம கழட்ட முடிஞ்சா கழட்டி வெளிய வெச்சு பண்றதுதான் பெஸ்ட், சுவிட்ச் பேனல்னா மொதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க.

இப்ப கொறை. பட்டன்ல இது ரிஸ்க். ராத்திரில எரியிற பட்டன் பலதும் உள்ள வெள்ள பிளாஸ்டிக், மேல கருப்பு பெயின்ட் அடிச்சு அதுல படத்த லேசர்ல செதுக்கியிருப்பாங்க. ஐபிஏ ரொம்ப நேரம் நின்னா அந்த கருப்பும் சேந்து போயி மொத்த பட்டனும் பல்பு மாதிரி எரியும், எது ஃபேன் எது டிஃபாகர்னு மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான். பட்டனுக்கு ஊற வைக்கவே கூடாது, காட்டன் பட்ஸ்ல தொட்டு தொட்டு எடுத்து, கருப்பு பெயின்ட் மட்டும் தெரியறப்ப நிறுத்திடணும். மீட்டர் மேல இருக்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அக்ரிலிக்கா இருந்தா மெல்லிசா வெடிப்பு விடும், லெதர் சீட்ல பட்டா அதோட ஃபினிஷும் போகும், ரெண்டையும் மூடிட்டு ஆரம்பிங்க.

நெடி தாங்காது. நாலு கதவையும் தொறந்து, நெழல்ல நிறுத்தி பண்ணுங்க, வெயில்ல நிறுத்துனா ஊறறதுக்குள்ள காஞ்சிடும். சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பத்த வெக்காம பாத்துக்கங்க. நைட்ரைல் க்ளவுஸ் போடலன்னா அந்த கருப்பு நகக்கண்ணுல பூந்து சோத்துல கை வெக்க மனசு வராது.

உரிச்ச அப்புறம் தெரியறது சாதா கருப்பு பிளாஸ்டிக்தான், கொஞ்சம் பளபளப்பா, சில எடத்துல மோல்டு கோடும் தெரியும். ஷோரூம் லுக் எதிர்பாக்காதீங்க. எங்க வீட்டம்மாவுக்கு இதுவே புடிச்சிருக்கு, எனக்கு சென்டர் கன்சோல்ல மட்டும் மேட் பிளாக் ஸ்ப்ரே அடிக்கலாமான்னு ஒரு யோசனை ஓடுது. டீட்டெய்லிங் கடைல கேட்டா ராப், அதாவது ஸ்டிக்கர் மாதிரி ஷீட் ஒட்டித் தர்றோம்னு சொல்வாங்க, கோட்டிங்க எடுக்காம மேல ஒட்டுனா அது நிக்காது, கேட்டுட்டு ஒத்துக்கங்க.

மிச்சம் இருந்ததுல பழைய மவுஸ், டார்ச் லைட்டு, ட்ரிம்மர் கைப்பிடின்னு வீட்ல ஒட்டிட்டு கெடந்தது எல்லாம் சுத்தமாயிடுச்சு. 5க்கு 4 குடுக்கலாம், ஒண்ண கொறச்சது அந்த நெடிக்கு.