சணல் பேனல்களின் மேற்பரப்பு: நார்ப் பதனம் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

சணல் துணியைப் பாலியெஸ்டர் ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) தோய்த்துச் சூடான அச்சில் அழுத்தி எடுத்த பேனல்களைக் கதவுகளுக்கும் அலமாரி முகப்புகளுக்கும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பதனமிடாத (வேதிப்பொருளால் பக்குவப்படுத்தாத) நார், காஸ்டிக் சோடாவில் ஊறவைத்த நார், அதன்மேல் சிலேனும் (நாரையும் ரெசினையும் பிணைக்கும் வேதிப்பொருள்) ஏற்றிய நார் என மூன்று வகைகளும் அவற்றில் உண்டு. அச்சின் பளபளப்பை ரெசின் அப்படியே வாங்கிக்கொள்வதால், புதிதாக இருக்கையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு மழைக்காலம் கடந்த பின்னரே வேறுபாடு தெரியவரும்.

பதனமிடாத நார் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேலுள்ள மெல்லிய ரெசின் படலத்தைத் தூக்குவதால், துணியின் நெசவு வரிவரியாக வெளியே தெரிகிறது. வெயிலில் அது சுருங்கும்போது நாருக்கும் ரெசினுக்கும் இடையே விழும் இடைவெளி, அடுத்த மழையின் நீருக்கு வழியாகிவிடுகிறது. அறுத்த விளிம்புகளில்தான் இது முதலில் தொடங்குகிறது.

5 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடா கரைசல், நாரின் மேலுள்ள மெழுகையும், தாவர நாரில் இயல்பாக உள்ள பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸின் ஒரு பகுதியையும் நீக்குவதால், ரெசின் நன்றாகப் பற்றி ஊசித்துளைகள் குறைகின்றன. கரைசலின் செறிவைக் கூட்டினால் பயனும் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் நார்தான் வலுவிழக்கும். கழுவும்போது நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் காரத்தை முறிக்காவிட்டால், எஞ்சிய காரம் பாலியெஸ்டரையே அரிக்கும்.

குளியலறைக் கதவு போன்ற ஈரமான இடங்களில் சிலேன் ஏற்றிய பேனலே நெடுநாள் வழவழப்பாக நிற்கிறது. ஆனால் பாலியெஸ்டருக்கு மெத்தாக்ரில் வகைச் சிலேனே பொருந்தும். அமினோ வகை, எபாக்சி என்ற வேறொரு ரெசினுக்கு உரியது.

இத்தனை வேதிப்பொருள்களைப் பற்றிப் பேசுபவர்கள் உலர்த்தலை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை. ஈரக்காற்றில் தன் எடையில் 12 விழுக்காட்டுக்கும் மேல் நீரை வைத்திருக்கக்கூடிய சணலை ஓவனில் உலர்த்தாமல் அச்சிலிட்டால், அந்த நீர் ஆவியாகி, எந்தப் பதனமிட்ட நாரிலும் துளைகளை உண்டாக்கும்.

இறுகும்போது பாலியெஸ்டர் கன அளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்குவதால் தெரியும் நெசவுத் தடத்தைப் பதனம் முழுமையாக மறைப்பதில்லை; அதற்கு ஜெல்கோட்டும் (அச்சில் முதலில் பூசும் வெளிப்புற ரெசின் பூச்சு) அதன் பின்னே மெல்லிய கண்ணாடியிழைத் திசுவும் வேண்டும். நாரில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெயிலில் மஞ்சளிப்பதற்கும் பதனத்தில் முழுத் தீர்வில்லை என்பதால், வெளிப்புறப் பேனல்களுக்கு வண்ணம் அடித்துவிடுகிறேன். விளிம்புகளை அறுத்தவுடனேயே ரெசின் தடவி அடைத்தும் விடுகிறேன்.