120 ரூபா விலையும் ஈர நெல்லும்

2025 பெப்ரவரி முதல் வாரத்தில் இலங்கை அரசாங்கம் தான் வாங்கும் நெல்லுக்கு உத்தரவாத விலையை அறிவித்தபோது வன்னியில் காலபோக (மாரிப் பருவ) அறுவடை தொடங்கிவிட்டது. நாடு என்ற நெல்வகை கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132. நான் வட்டக்கச்சியில் பெரியப்பாவின் மகன் வீட்டில் நின்றிருந்தேன். வானொலிச் செய்தியைக் கேட்டு முடித்த அண்ணன், "விலை நல்ல விலைதான் தம்பி. ஈரப்பதனைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?" என்றார்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய்வருகிற நாங்கள் வழக்கமாகப் பாதையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் எழுதுவோம். ஏ9 வீதி நன்றாக இருக்கிறது, கொழும்பு இரவு பஸ் நேரத்துக்கு வருகிறது, வங்கியில் மரியாதையாகப் பேசுகிறார்கள். அவ்வளவு போதும். இம்முறை நான் அதிகம் கவனித்தது அரசாங்கம் நெல் வாங்கும் சேவையைத்தான். விலை நிர்ணயமும் ஒரு சேவைதான் என்றும், அது வயல்வரை வந்து சேர வேண்டும் என்றும் உறுதியாக நம்புகிறேன்.

அரசாங்கம் வாங்கும் நெல்லில் ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நியாயமான விதிதான்; ஈர நெல் களஞ்சியத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனால் அருவி வெட்டிச் சூடடித்த (கையால் கதிர் அறுத்துப் போரடித்த) காலத்தில் கதிர் வயலிலேயே காய்ந்தது. இப்போது அறுவடை இயந்திரம் ஒரே மூச்சில் வெட்டி, அடித்து, ஈரத்தோடு கொட்டிவிடுகிறது. காயவைக்க இருப்பது வீதி ஒன்றுதான். அண்ணன் வீட்டில் விடியற்காலையிலேயே நெல்லை வீதியின் ஒரு பக்கத்தில் பரப்பினோம். வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல்லும் பனைமட்டையும் வைத்தோம். அண்ணி வெறுங்காலால் நெல்லுக்குள் நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டே நடப்பார். திரும்பி வரும்போது அந்தக் கோடுகளுக்கு நடுவே இன்னொரு கோடு. அடிநெல் மேலே வரவேண்டும் என்பதற்காக வெயில் சாயும்வரை இந்த நடை. இடையிடையே ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். பல்லில் டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. அமுங்கினால் இன்னும் இல்லை.

பின்னேரம் மேகம் கறுத்தது. எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டினோம். மறுநாள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொள்வனவு நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த அலுவலர் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டார். 17க்கு மேல் காட்டியது. "ஐயா, இன்னும் காயவைத்துக் கொண்டுவாருங்கள்" என்று பணிவாகவே சொன்னார். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கருவியும் ஒரு விதியும். காயவைக்கும் தளமோ உலர்த்தும் இயந்திரமோ கொடுக்கப்படவில்லை. ஏற்றுகூலி போகவும் வரவும் அண்ணனின் கணக்கில்.

அன்று மாலையே தனியார் வியாபாரியின் லொறி வாசலுக்கு வந்தது. கையில் காசு, கிலோவுக்கு நூறு ரூபாவுக்கும் கீழே. அதற்கு மேல் மூடைக்கு இரண்டு கிலோ கழிவு. இதில் வியாபாரி பக்கத்து நியாயத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தேன். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காயும்போது ஏறக்குறைய 93 கிலோ ஆகும். ஆகவே 120 ரூபா நெல்லின் ஈர விலை ஏறத்தாழ 112 ரூபா. அண்ணனின் நெல் அவ்வளவு ஈரமும் இல்லை. காயவைக்கும் செலவுக்காக இன்னும் சில ரூபாவைக் கழித்தாலும், மிச்ச வித்தியாசம் காத்திருக்க முடியாதவனிடமிருந்து பிடுங்கப்படுவது.

ஏன் காத்திருக்க முடியவில்லை? இயந்திர வாடகை, உரக்கடைக் கடன், அடகுக்குப் போன அண்ணியின் சங்கிலி. அந்தப் போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் இருந்தது, அதுவும் இரண்டு ஹெக்டேயர் வரைக்கும்தான். உழவுக்கும் விதைப்புக்கும் அது காணாது. காணியை வைத்து வங்கியில் கடன் எடுக்கலாமே என்று வெளிநாட்டில் இருந்து கேட்பது சுலபம். குடியேற்றத் திட்டக் காணிகள் பல இன்னும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருக்கின்றன. நினைத்தபடி விற்கவும் ஈடுவைக்கவும் முடியாது. ஏழை விவசாயி காணியை இழந்துவிடக்கூடாது என்றுதான் அந்தச் சட்டம் வந்தது. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வங்கிக் கதவு இறுகும்போது, கடன் கொடுத்தவன் அறுவடை நாளிலேயே வாசலில் நிற்கிறான்.

இதே நெல் அரிசியாகிக் கடைக்கு வரும்போது அங்கேயும் அரசின் உச்ச விலை ஒன்று நிற்கிறது. 2024 டிசம்பர் வர்த்தமானிப்படி பச்சையரிசி கிலோ 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரி சம்பா 260. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் கீரி சம்பா கேட்டேன். கட்டுப்பாட்டு விலையில் இல்லை என்றார் கடைக்காரர். விளைவிக்கிற ஊரில் அரிசிக்கு அலைவது எனக்கு மனவேதனையாக இருந்தது.

வன்னி மக்களுக்குக் கட்டுப்பாடு புதிதல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியா, சீமெந்து, பற்றரி, எரிபொருள் எல்லாம் தடுக்கப்பட்டன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோதும் இவர்கள் வயலில்தான் அடி விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் காலபோக விதைப்பு அதற்குள் நடந்துவிட்டது.

நல்லபடி நடந்த ஒரு விதியையும் சொல்லவேண்டும். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, வரிசையில் நாள்கணக்காக நின்ற சனம், கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பங்கைப் பெறும் முறை வந்தபின் பங்கு எவ்வளவு என்று தெரிந்து அடித்துக்கொண்டு போனது. அண்ணன் அதை இன்றைக்கும் மெச்சுகிறார். பங்கை அறிவித்ததோடு நிற்காமல், நிரப்பு நிலையத்தில் கருவியையும் ஆளையும் வைத்தார்கள். நெல்லுக்கு அந்த இரண்டாவது பாதிதான் இல்லை.

எங்கள் பணமும் விதியைப் பார்த்துத்தான் ஓடுகிறது. 2022 மார்ச் வரை டொலரை 203 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தபோது புலம்பெயர்ந்தவர்கள் பலர் உண்டியலில்தான், அதாவது வங்கிக்கு வெளியே தனியார் கைமாற்றில்தான், அனுப்பினார்கள். டொலரின் விலையைப் பிடித்து வைக்காமல் விட்டபின் வங்கிப் பக்கம் திரும்பினார்கள். ஆக, ஊருக்கு அனுப்பும் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்கிற சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை கோயில் மதிலுக்கு முன் ஒரு நெல் உலர்த்தும் தளத்தை நினைத்துப் பாருங்கள். வீதியில் நெல் காய்வது வாகனங்களுக்கும் ஆபத்து, நெல்லுக்கும் சேதம்.

புறப்படுமுன் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் தலைவரோடு பேசினேன். வாய்க்கால் ஓரமாக இடம் இருக்கிறது. அது அரச காணி. தளம் போடுவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். கடிதத்தை அவரும் அண்ணனும் சேர்ந்து எழுதினார்கள், நான் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். வரைபடத்தையும் அங்கத்தவர் கையொப்பங்களையும் இணைத்துப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். அனுமதி கிடைத்தால் அடுத்த காலபோகத்துக்கு முன் சீமெந்து வேலை முடிய வேண்டும். அதற்கான பணத்தில் என் பங்கை இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.