கையுறையில் 16 அவுன்ஸ், தராசில் 310 கிராம்

மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதன் பேரில், நாற்பத்திரண்டு வயதில், ராயபுரத்தில் என் வீட்டுக்கு அருகிலிருக்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டம் புதிதல்ல என்றாலும், கையுறை வாங்குவதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை, 2,600 ரூபாயைக் கொடுத்து, ஒரு கல்லூரி மாணவனின் புருவத்தையும் கிழித்த பிறகுதான் உணர்ந்தேன்.

முதல் இரண்டு மாதங்கள் கூடத்தின் பொதுக் கையுறைகளைத்தான் போட்டுக்கொண்டேன். அவற்றின் வியர்வை நாற்றத்தைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். ஆளோடு ஆள் மோதிப் பழகும் ஸ்பாரிங் தொடங்கியபோது, 85 கிலோ எடையுள்ள நான் 16 அவுன்ஸில் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிட வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். மறுநாள் மாலையே பெரியமேட்டில் வரிசையாக இருக்கும் விளையாட்டுப் பொருள் கடைகளில் ஒன்றுக்குள் நுழைந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தெருவில் நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள்.

விற்பனையாளர் ஒரு சிவப்புக் கையுறையை எடுத்து என் கையில் மாட்டினார். மணிக்கட்டுப் பட்டையில் 16 அவுன்ஸ் என்றும் அசல் தோல் என்றும் அச்சிட்டிருந்தது. "எவ்ளோ மெத்துனு இருக்கு பாருங்க சார்" என்று முன்பக்கத்தை அமுக்கிக் காட்டினார். நானும் அமுக்கிப் பார்த்து மகிழ்ந்தேன். தலையணைக்குத்தான் அந்த மென்மை அழகு. கட்டைவிரலுக்கே அடிவரை அமுங்கிவிடும் கையுறை, குத்து விழும் நேரத்தில் எதையும் தாங்காது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்றாவது வாரத்தில், தொங்கவிட்ட பயிற்சிப் பையைக் குத்தும்போது நடுவிரல் முட்டி வீங்கத் தொடங்கியது. என் குத்துதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த மாணவனோடு லேசான ஸ்பாரிங்கில் இருந்தபோது, பாதி வேகத்தில் நான் விட்ட ஓர் இடதுகைக் குத்தில் அவனுடைய புருவம் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மாஸ்டர் அவனுக்குத் துணியை அழுத்திவிட்டு வந்து என் கையுறையைக் கழற்றச் சொன்னார். முட்டிப் பகுதியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தார். ஒரு விரல் மறுவிரலை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. "இதையா சார் போட்டுக்கிட்டு அந்தப் புள்ளைய அடிச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

எதிரே இருந்த மளிகைக் கடையின் மின்தராசில் வைத்துப் பார்த்தோம். வலது கை 310 கிராம், இடது கை 288 கிராம். ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28.35 கிராம்; ஆக, 16 அவுன்ஸ் என்றால் ஒவ்வொரு கையுறையும் 454 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். சில கிராம் கூடக்குறைய இருப்பது இயல்புதான் என்றாலும், இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே காணவில்லை. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். மெல்லிய ஃபோம் தகடுகள் இரண்டுக்கு நடுவே, மெத்தைக் கடையில் கூட்டித் தள்ளும் ஸ்பாஞ்ச் துணுக்குகள் வெவ்வேறு நிறங்களில் கொட்டின. கூடவே தையல்கடைத் துணிக் கத்தரிப்புகளும் வந்தன. அசல் தோலின் வெட்டுமுனையில் நார் தெரிய வேண்டும். இதிலோ வெள்ளைத் துணியின் மேல் ஒட்டிய ரெக்சின் தெரிந்தது.

கடைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன். "அது சைஸ் நம்பர் சார், சட்டைக்கு நாப்பது, நாப்பத்திரண்டுன்னு போடற மாதிரி" என்றார். இது முழுப் பொய். அவுன்ஸ் என்பது எடை மட்டுமே. அந்த எடையில் பெரும்பகுதி முன்பக்கப் பஞ்சணையிலிருந்துதான் வருகிறது, அதனால்தான் தொழில்முறைப் போட்டிகளில் 8 அல்லது 10 அவுன்ஸ் அணிபவர்கள்கூடப் பயிற்சியில் 14, 16 என்று ஏறிக்கொள்கிறார்கள். பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார் அடுத்து. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகளாகும். இதைச் சொல்லி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப்போகிறேன் என்றதும் குரல் இறங்கியது. மூன்றாம் முறை போனபோது 1,500 ரூபாய் கிடைத்தது. மீதிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். துண்டுச் சீட்டை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. ஜிபே பதிவுதான் காப்பாற்றியது.

இரண்டாவது ஜோடி வாங்க மாஸ்டரையும் உடன் அழைத்துக்கொண்டு வேறொரு கடைக்குப் போனேன். கையுறைக்குள் கட்டும் நாலரை மீட்டர் கைப்பட்டையை வீட்டிலேயே சுற்றிப் பழகி, அதைக் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு ஜோடியையும் மாட்டிப் பார்த்தேன், ஏனென்றால் வெறுங்கைக்குக் கச்சிதமாக இருப்பது பட்டை கட்டிய கையை இறுக்கிப் பிடிக்கும். விரல் நுனிகள் மேலே லேசாகத் தொட வேண்டும், முட்டி மடக்கச் சிரமப்படக் கூடாது, கட்டைவிரல் உறை கையுறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும், வெல்க்ரோ பட்டை மணிக்கட்டை ஒரு முழுச்சுற்றாவது பிடிக்க வேண்டும் என்று மாஸ்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பையைக் குத்துவதற்கு 12 அவுன்ஸில் தனியாக ஒரு ஜோடி எடுக்கச் சொன்னார். தினமும் பையில் அடிபட்டுப் பஞ்சணை இறுகிப்போன கையுறையை ஸ்பாரிங்குக்குப் போடுவதும், என்னுடைய பழைய போலியைப் போடுவதும் எதிராளிக்கு ஒன்றுதான்.

கடைசியாக, பார்சல் எடை போடும் தராசைக் கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்து வைத்தார். 458, 451. அச்சிட்ட பில்லையும் கேட்காமலே கொடுத்தார். புருவத்தில் நான்கு தையல்களோடு அந்த மாணவன் மறுவாரம் கூடத்துக்கு வந்தபோது, புதிய கையுறையை முதலில் அவன் கையில்தான் கொடுத்தேன். அவன் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தான்.