சித்திரை வந்தால் சிவக்கும் அசோலா

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடியான அசோலாவை என் மீன்களுக்குத் தீவனமாக வளர்க்கிறேன். அந்தத் தொட்டியின் சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக்) விரிப்பை எலி கடித்து, தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது. போன வாரம் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல் அண்ணன் வந்து, "தம்பி, என் மீன்குட்டைக்கும் இந்த அசோலாவைப் போடலாமா?" என்று கேட்டார். அப்போதிருந்த எரிச்சலில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுவதும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எனக்கு 20 சென்ட் மீன்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள், புல்லும் பாசியும் தின்னும் புல்கெண்டை கொஞ்சம். தவிடு, கடலைப் புண்ணாக்கோடு 3 வருடமாக அசோலாவும் போடுகிறேன். மார்கழி, தை, மாசியில் குறையே சொல்ல முடியாது. இன்று அள்ளிய இடம் நான்கைந்து நாளில் மூடிக்கொள்ளும்.

என் ஆத்திரமெல்லாம் சித்திரையில்தான். வெயில் ஏறியதும் பச்சை மங்கிச் சிவந்து, வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. நிழல்வலை கட்டினேன். சூப்பர் பாஸ்பேட் கரைத்து ஊற்றினேன். பழைய மண்ணை அள்ளிப் புது மண் போட்டேன். மூன்று கோடையிலும் அதே சிவப்பு. தண்ணீர் சூடேறும் அந்த மாதங்களில்தான் புல்கெண்டைக்குப் பசி அதிகம். அது கேட்கும் நேரத்தில் தொட்டி காலி! வாய்க்காலில் இறங்கி வேலம்பாசி அரித்துவந்து போடுகிறேன்.

இன்னொன்று. 25 சதவீதம் புரதம் என்று சொல்லித்தான் எனக்கு விதை அசோலா விற்றார்கள். அது காய்ந்த எடைக்கான கணக்கு. ஈரமாக ஒரு கிலோ அள்ளினால் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். அதை நம்பிப் புண்ணாக்கைப் பெருமளவு குறைத்த முதல் வருடம், ரோகு மெலிந்துதான் கரையேறியது.

ஆனால் விடியலில், குட்டையில் மிதக்கும் மூங்கில் சட்டத்துக்குள் அசோலாக் கூடையைக் கவிழ்த்ததும் புல்கெண்டைகள் முட்டி மோதி மேயும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! அவற்றின் கழிவே குட்டைக்கு உரம். தண்ணீர் இளம்பச்சையாகி, மிதவை உயிரிகள் பெருகி, கட்லா திரண்டு வருகிறது. சாணம் கரைத்து ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். சட்டம் இல்லாமல் மட்டும் போட்டுவிடாதீர்கள். காற்றில் பரவிக் குட்டையை மூடினால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வேண்டாம் அண்ணே. இந்தக் கோடையில் நான் பட்டது போதும், நீங்களும் படாதீர்கள். மார்கழியில் கேட்டால் என் தொட்டியிலிருந்தே ஒரு கூடை தருகிறேன். அதுவரை வாய்க்கால் பாசியைப் போடுங்கள்.