'வேலை'யைத் தடை செய்து மாட்டிக்கொண்ட கதை: மெக்கானிக் குரூப்பில் ஆறு வருடம்

2019ல் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்வெர்ட்டர் ஏசி போர்டு பார்க்கும் நாங்கள் பதினைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். எர்ரர் கோடு, சர்க்யூட் படம், ரிச்சி தெருவில் எந்தக் கடையில் ஒரிஜினல் ஐபிஎம் (IPM, கம்ப்ரசரை ஓட்டும் பவர் சிப்) கிடைக்கும், இதுதான் பேச்சு. அப்போது ஒரு குரூப்பில் 256 பேர்தான். அது நிரம்பியதும் டெலிகிராமுக்கு மாறினோம். அங்கே இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், புதிதாக வருபவருக்குப் பழைய பேச்சையும் காட்டலாம், பெரிய சர்வீஸ் மேனுவலையும் அப்படியே ஏற்றலாம்.

லிங்க்கை வெளியே விட்டோம், ஸ்பாம் வந்து இறங்கியது. தினம் மூவாயிரம் சம்பாதிக்கலாம், வீட்டிலிருந்தே வேலை, கிரிப்டோ, அப்புறம் சொல்ல முடியாத படங்கள். காலையில் கடை திறக்கும் முன்பே அரை மணி நேரம் அழித்துக்கொண்டிருப்பேன்.

சரி என்று, தடைச் சொல் வந்த மெசேஜைத் தானாகவே அழிக்கும் ஒரு பாட் (bot) புரோகிராமைக் குரூப்பில் சேர்த்து, அதன் தடைச் சொல் பட்டியலில் முதல் வேலையாக 'வேலை' என்று போட்டேன். அன்று மத்தியானம் வரை குரூப் அவ்வளவு அமைதி, எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம்தான் புரிந்தது: "போர்டு வேலை செய்யலை" என்று எழுதியவன் மெசேஜ் எல்லாம் காணாமல் போயிருக்கிறது. மெக்கானிக் குரூப்பில் வேறு எதை எழுதுவான்? லிங்க்கைத் தடுத்தேன், சிப் விவரம் இருக்கும் டேட்டாஷீட்டுக்கு லிங்க் அனுப்பியவர்கள் மாட்டினார்கள். புதிதாக வருபவர் ஒரு நிமிடத்துக்குள் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேப்ட்சா வைத்தேன். காசிமேட்டில் முப்பது வருடமாக ஃப்ரீசர் பார்க்கும் அண்ணன் போன் செய்து, "இன்னாபா, கண்ணாடி எடுத்துப் போடறதுக்குள்ள வெளிய தள்ளிடுச்சு" என்றார். ஸ்பாம் அனுப்புகிறவன் மட்டும் அதை அழகாகத் தாண்டி வந்தான்.

கடைசியில் கை கொடுத்தது கேள்வி கேட்டு உள்ளே விடும் முறைதான். சேர விரும்புபவருக்கு நாங்களே ஒரு கேள்வி அனுப்புவோம்: அவுட்டோர் போர்டில் கை வைக்கும் முன் என்ன செய்வீர்கள்? பவரை நிறுத்திய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பல்பு வைத்து டிஸ்சார்ஜ் செய்வேன் என்று ஏதோ ஒரு விதத்தில் சொன்னால் போதும், எழுத்துப் பிழையெல்லாம் பார்ப்பதில்லை. ஸ்பாம் ஆட்கள் பதிலே போடுவதில்லை. என்ன, மூன்று அட்மின் தினம் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

தேடல்தான் இன்னும் தலைவலி. கம்ப்ரசர், கம்ப்ரஷர், தங்கிலீஷில் இரண்டு விதம் என்று ஒரே சாமானுக்கு நாலு எழுத்து. அதனால் மாடல் எண்ணை ஹேஷ்டேக்காகப் போடச் சொன்னோம். 2022 கடைசியில் டாபிக் வசதி வந்ததும் ஏசி தனி, வாஷிங் மெஷின் தனி என்று பிரித்தோம். இதன் அருமை 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில்தான் தெரிந்தது. எர்ணாவூரிலிருந்து வந்த போர்டுகளில் தண்ணீரோடு, வெள்ளத்தில் கலந்திருந்த கச்சா எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தது, போர்டு துடைக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்தாலும் போகவில்லை. முதலில் பெட்ரோலில் துடை, அப்புறம் ஐபிஏ, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பவர் என்று திருவொற்றியூரில் ஒருவர் படத்தோடு போட்டார். அதை மேலே பின் செய்து வைத்தோம், அந்த ஒரு வாரம் அதே கேள்வியை இருபது பேர் கேட்கவில்லை.

காசிமேடு அண்ணனும் திரும்பி வந்துவிட்டார். கேள்விக்கு அவர் அனுப்பிய பதில் மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாய்ஸ் மெசேஜ். இப்போதும் எல்லாமே வாய்ஸ்தான், தேடினால் ஒன்றும் சிக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் நானும் இன்னொரு அட்மினும் உட்கார்ந்து கேட்டு எழுதி டேக் போடுகிறோம். மார்ச் மாதத்து வாய்ஸே இன்னும் முடியவில்லை, மனிதர் அதற்குள் இன்றைக்கு ஏழு அனுப்பியிருக்கிறார்.