மாஸ்டடான் வழங்கியின் செலவுக்கு நன்கொடையா, சந்தாவா?

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் ஈலான் மஸ்க்கின் கைக்குப் போனபின் தனித்தனி வழங்கிகள் (server) ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானுக்குத் திரண்டு வந்தவர்களால், தனியொருவர் ஓய்வுநேரத்தில் நடத்திவந்த வழங்கிகள் பல திணறின. பிற வழங்கிகளின் படங்களையும் காணொளிகளையும் தற்காலிகமாகச் சேமிக்க வேண்டியிருப்பதால், செலவு சொந்தப் பயனர்களின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை.

வருவாய்: நன்கொடை பரபரப்பான மாதத்தில் பெருகிப் பின்பு வற்றக்கூடியது. சந்தா சிறிதாயினும் முன்கூட்டியே கணிக்கக்கூடியது.

நுழைவு: நன்கொடை முறையில் காசில்லாதவரும் தடையின்றி வரலாம். சந்தா புதியவரைத் தயங்கவைக்கும்.

பொறுப்பு: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நன்கொடையாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நன்றி மட்டுமே. நிர்வாகி சோர்ந்துபோய் வழங்கியை மூடினால் தட்டிக்கேட்க வழியில்லை. உறுப்பினர் சந்தாவில் இயங்கும் சோஷியல்.கூப் போன்ற கூட்டுறவு வழங்கியிலோ வரவுசெலவு வெளிப்படையாக இருக்கும், உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுப்பார்கள். ஆனால் அம்முடிவுகளுக்குப் பொறுமை வேண்டும்.

நண்பர் வட்டம் போன்ற சிறு வழங்கிக்கு நன்கொடையே போதும் (மாதாமாதம் கையேந்தும் கூச்சத்தை நிர்வாகி பொறுத்துக்கொண்டால்). பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநருக்கு ஊதியம் தரவேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்ட வழங்கிக்கு, வசதிக்கேற்பக் கூடக்குறையச் செலுத்தும் சந்தாவையே பரிந்துரைப்பேன்.