கடன் அடைக்கும் குக்கரும் அதன் கேடுகெட்ட கேஸ்கெட்டும்

போன வாரம் குக்கருக்கு மறுபடி கேஸ்கெட் மாற்றினேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் ஒரு நண்பர், "கார்டு பாக்கி தீர்ற வரைக்கும் வீட்டுலயே சமைக்கலாம்னு இருக்கோம், குக்கர் வாங்கினா பிரயோஜனப்படுமா?" என்று கேட்டு வைத்தார். ஒரு வரியில் பதில் சொல்லப் போய் இவ்வளவு நீண்டுவிட்டது. எத்தனை லிட்டர், அடிப்பாகம் எவ்வளவு கனம் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கடன். எங்களை வாட்டியது கிரெடிட் கார்டு பாக்கிதான். மாதம் 3 சதவீத வட்டி என்று கேட்கும்போது லேசாகத்தான் தெரியும். பாக்கி அப்படியே கிடந்தால் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும், இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும். பாக்கி 10,000, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது அதில் 5 சதவீதம் என்று வையுங்கள். கட்டுகிற 500-ல் 300 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 200. அந்த 200-ஐ பெரிதாக்கும் காசு எங்கிருந்து வரும்? வாடகையிலோ தவணையிலோ கை வைக்க முடியாது. சாப்பாட்டுச் செலவில் முடியும், ஆனால் காய்கறிக்குப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காசு கரைவது, எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, காலி அடுப்பைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு போனை எடுக்கிறோமே, அந்த நேரத்தில்தான்.

குக்கர் அந்த நேரத்தில்தான் காப்பாற்றியது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் என்பதால், திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கிற ஊறவைத்த கொண்டைக்கடலை இதில் கால் மணி நேரம் சொச்சத்தில் வெந்துவிடுகிறது, அதாவது ஆர்டர் செய்த சாப்பாடு கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போடுங்கள், தோல் மெத்தென்று ஆகும். தக்காளியோ வேறு புளிப்போ வெந்த பிறகுதான் சேர வேண்டும், முதலிலேயே சேர்த்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை மூட்டையாக வாங்கினாலும் இதே கதிதான், நாள்பட்ட பயறு லேசில் வேகாது, மிச்சம் பிடித்ததை எரிபொருள் தின்றுவிடும். இன்னொன்று, குக்கர் வேண்டாம், மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம் போதும் என்று நினைப்பவர்கள் சிவப்பு ராஜ்மாவை மட்டும் அதில் நேரடியாகப் போடாதீர்கள். அதில் இருக்கும் நச்சு போக, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சொல்லப்போனால் இது பிறந்ததே சிக்கனத்துக்குத்தான். 1679-ல் பிரெஞ்சு விஞ்ஞானி டெனிஸ் பாப்பின், லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இதன் முன்னோடியைக் காட்டியபோது, கெட்டி எலும்பைக்கூட மெதுவாக்கிச் சாப்பிட வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. மொத்தமாக வேகவைத்து, ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் அடுக்கத் தொடங்கிய பிறகு, வெளியே வாங்காமல் விட்ட காசை அன்று இரவே கார்டுக்குக் கட்டுகிற பழக்கமும் வந்துவிட்டது. மாதக் கடைசிக்கு என்று வைத்தால் அந்தக் காசு வேறு ஏதாவது செலவில் காணாமல் போய்விடும். பெரும்பாலான கார்டுகளில் வட்டி அன்றன்றைய நிலுவையின் மேல் ஓடுவதால், சின்னத் தொகையானாலும் முன்கூட்டிக் கட்டுவதில் லாபம்தான். பாக்கி இருக்கும் கார்டில் மளிகை வாங்குவதையும் நிறுத்தினோம். பாக்கி நிலுவையில் இருக்கும்போது பொதுவாக வட்டியில்லாத அவகாசம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே அரிசிக்கும் எண்ணெய்க்கும் வட்டி ஏறும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்றால், கணக்குப்படி வட்டி அதிகமானதை. சின்னதை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு என்பார்கள், இருக்கலாம்.

சரி, இப்போது கேஸ்கெட்.

ரப்பர் தேயும், அது நியாயம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டுப் போகிறேன். ஆனால் இந்த மாடலில் வளையம் விறைக்கத் தொடங்கினால் முதலில் கைப்பிடிப் பக்கம் புஸ்ஸென்று ஆவி வரும், பிறகு விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து அடுப்பெல்லாம் காயும், வெயிட் ஆடும் ஆனால் எழும்பாது, விசில் வரும் வரும் என்று காத்திருக்கும்போது அடியில் தண்ணீர் வற்றி தீய்ந்த வாசம் வரும். வளையத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போடுவது, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைப்பது, எண்ணெய் தடவுவது, திருப்பி மாட்டுவது எல்லாம் ஆயிற்று. ஒரு வேளைக்குத் தாங்கும், மறுநாள் பழையபடி. புதிது வாங்கலாம் என்றால் கம்பெனிக்காரர்கள் நடுவில் மாடலை மாற்றிவிட்டார்கள், இந்த அளவு எந்தக் கடையிலும் இல்லை. சர்வீஸில் கேட்டால் மூடியையே மாற்றுங்கள் என்கிறார்கள், அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுக் குக்கரே வந்துவிடும். அளவு ஏறக்குறைய சரியாக இருக்கும் வளையத்தைத் திணித்து மாட்டுங்கள் என்று யோசனை சொல்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட ஆவி ஐயா! தேடித் தேடி ஒருவழியாகப் பழைய இருப்பில் கிடைத்ததைத்தான் போன வாரம் போட்டேன். அதுவும் கைப்பிடிப் பக்கம் இப்போதே லேசாகப் புஸ்ஸென்கிறது.

நியாயமாகச் சொன்னால் எங்கள் கடன் இந்த அளவுக்குக் குறைந்ததில் இதற்குப் பங்கு உண்டு, சமையலறையில் வேறு எந்தப் பொருளும் அவ்வளவு உழைக்கவில்லை. ஆனாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். நண்பரிடம் சொன்னது இதுதான்: வேறு எந்தக் குக்கரை வேண்டுமானாலும் வாங்குங்கள், காசு கொடுப்பதற்கு முன் கேஸ்கெட் தனியாக விற்கிறதா என்று கேளுங்கள், முடிந்தால் அப்போதே கூட ஒன்று வாங்கி வையுங்கள். "அப்போ நீங்களும் வேற வாங்கிடலாமே?" என்றார். கடைசிக் கார்டின் பாக்கி இன்னும் இருக்கிறது. அது தீரும்வரை இதோடுதான் மாரடிக்க வேண்டும்.